ரங்கத்தின் சாட்சிகள் எந்த மொழியில் பேசினார்கள்?

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கின் திட்டக் கூட்டம். பொருள், அந்தமான் தீவுகளில் நீதி நிறுவனங்களின் வரலாறு. ரங்கத் ஊரையும் அதன் வழக்குகளையும் பற்றிக் கட்டுரை அளிக்கிறேன் என்றேன். கூட்டத்தை நடத்திய மூத்த ஆய்வாளர் சற்றும் தயங்காமல் கேட்டார்: "அங்கே பார்க்கும்படியாக என்ன கட்டடம் இருக்கிறது?" சுற்றியிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்துவிட்டேன். பேருந்தில் ஏறி அமர்ந்த பிறகுதான் சினம் வந்தது. இந்தப் பதிவு நீண்டதற்கு அந்தச் சினமே காரணம், பொறுத்துக்கொள்க.

அந்தக் கேள்வி ஒரு தனிமனிதரின் அறியாமை அன்று. அந்தமானில் நீதியின் வரலாறு என்றாலே நம் கல்விப்புலத்துக்குச் செல்லுலார் சிறை நினைவுக்கு வருகிறது. 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த கட்டடம், அதன் எஞ்சிய சிறகுகள், மாலை வேளையின் ஒலி ஒளிக் காட்சி. சற்று ஆழமாகப் படித்தவர்கள் வைப்பர் தீவின் தூக்குமேடையைச் சேர்த்துக்கொள்வார்கள். இவை முக்கியமானவை அல்ல என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிறை என்பது வழக்கு முடிந்த பிறகு மனிதர்களைக் கொண்டுபோய் அடைத்த இடம். வழக்கு நடந்தபோது யார் பேசினார்கள், எந்த மொழியில் பேசினார்கள், அதை யார் எந்த மொழியில் எழுதிக்கொண்டார்கள் என்பதைச் சிறைச்சுவர் சொல்லாது. தீர்ப்பை உண்டாக்குவது அந்த எழுத்து. அதைப் பற்றி நம்மிடம் ஒரு நூல்கூட இல்லாதபோது, கட்டடம் இல்லாத ஊருக்கு நீதி வரலாறே இல்லை என்று முடிவு கட்டுவது எளிதாகிவிடுகிறது.

ரங்கத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சில செய்திகள். நடு அந்தமானில் உள்ள வட்டத் தலைநகர். 2006இல் உருவான வடக்கு மற்றும் நடு அந்தமான் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத் தலைநகர் மாயாபந்தர். போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 170 கிலோமீட்டர். நாடு பிரிந்தபின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களை 1950களில் இங்கே காடு திருத்திக் குடியமர்த்தினார்கள். நெல்லுக்கு ஐந்து ஏக்கர் சமநிலம், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஐந்து ஏக்கர் மேட்டுநிலம் என்பது அன்றைய குடியேற்றத் திட்டத்தின் கணக்கு. காட்டு வேலைக்காக ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். தமிழர், தெலுங்கர், மலையாளிகள் வந்து சேர்ந்தார்கள்.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். சபரி, பஞ்சவடி, தசரத்பூர், ஜனக்பூர், ஊர்மிளாபூர், மிதிலா, பர்ணசாலா. ஓர் அதிகாரி இராமாயணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைபடத்தை நிரப்பியதுபோல் இருக்கும். அவற்றுக்கு இடையிடையே கதம்தலா, பகுல்தலா, நிம்புதலா: மரத்தடியைக் குறிக்கும் வங்காள 'தலா'. நிம்புதலாவின் முற்பகுதி இந்தி, பிற்பகுதி வங்காளம். எலுமிச்சைக்கு வங்காளிகள் 'லேபு' என்பார்கள், 'நிம்பு' என்னமாட்டார்கள். அந்த ஒரு பெயரிலேயே இந்த ஊரின் மொழி நிலைமை முழுதும் அடங்கியிருக்கிறது. இவை அனைத்துக்கும் அடியில் நடு அந்தமானின் பழங்குடி மொழிகளான கோல், ஜுவோய், கேதே ஆகியவை பேசப்பட்ட நிலம் இருக்கிறது. அம்மொழிகளைத் தாய்மொழியாகப் பேச இன்று எவரும் இல்லை.

சட்டம் இங்கே மனிதர்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது. 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபுவை ஹோப்டவுன் துறையில் ஷேர் அலி அஃப்ரிதி குத்திக் கொன்றார். தண்டனையைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. மார்ச் 11 அன்று வைப்பர் தீவில் தூக்கு நிறைவேறியது. கப்பலில் தாள் போய்த் தாள் திரும்பிவர எடுத்த காலத்தைக் கழித்தால், விசாரணைக்கும் மறுபரிசீலனைக்கும் எவ்வளவு நேரம் எஞ்சியிருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தீவில் பேசப்பட்டதைக் கல்கத்தாவில் ஆங்கிலத்தில் படித்துத் தீர்மானிப்பது என்னும் முறைக்கு இத்தனை வயது. விடுதலைக்குப் பின் 1953ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அதிகார எல்லையைச் சந்தர்நகருக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் ஒருசேர நீட்டியது. கொல்கத்தாவிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய ஒரு பழைய பிரெஞ்சுக் குடியேற்றத்தையும், 1,255 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் உள்ள தீவுக்கூட்டத்தையும் ஒரே வரியில் இணைத்த சட்டம் அது. ரங்கத்தில் காடு வெட்டிக்கொண்டிருந்த குடும்பங்களில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி எட்டியிருக்கும்?

நிலம் கொடுத்தால் வழக்கு வரும். குடியேறியவரின் பிள்ளைகள் வளர்ந்தார்கள், நிலம் பங்கானது, வாய்மொழியாகக் கைமாறியது, காட்டின் எல்லை எங்கே, வயலின் எல்லை எங்கே என்ற தகராறு எழுந்தது. 1966ஆம் ஆண்டு நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறை இவற்றையெல்லாம் வருவாய் அலுவலர்களின் விசாரணைக்குள் கொண்டுவந்தது. ரங்கத்துக்காரர் வாழ்நாளில் சந்திக்கும் நீதி பெரும்பாலும் இதுதான்: பட்டா, எல்லை, ஆக்கிரமிப்பு, வாரிசுரிமை, அவ்வப்போது ஓர் அடிதடி. வழக்கு பெரிதானால் போர்ட் பிளேர். அங்கே போகும் அந்தமான் பெருஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புநிலத்தை ஊடுருவிச் செல்கிறது. காவலுடன் செல்லும் கான்வாய்க்குக் காத்திருந்து போகவேண்டும். ஜாரவாக்களின் நலன் கருதி அச்சாலையின் அப்பகுதிகளை மூடுமாறு 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. உச்ச நீதிமன்றம் மூடச்சொன்ன சாலையில் பயணம்செய்துதான் ரங்கத்துக்காரர் நீதி கேட்கப் போகிறார். இதற்கு மேல் ஒரு நீதி வரலாற்றுக்கு என்ன கட்டடம் வேண்டும்?

இனி மொழிக்கு வருகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தீவுகளில் வங்காளம் பேசுவோர் 28.49 விழுக்காடு, இந்தி 19.29, தமிழ் 15.20, தெலுங்கு 13.24, நிக்கோபாரி 7.65, மலையாளம் 7.22, குடுக் ஏறத்தாழ 4. எந்த மொழிக்கும் பெரும்பான்மை இல்லை. நிர்வாகத்தின் மொழிகள் இந்தியும் ஆங்கிலமும். உயர் நீதிமன்றத்தின் மொழி, அரசியலமைப்பின் 348ஆம் பிரிவுப்படி, ஆங்கிலம். ஆகவே ரங்கத்தில் ஒரு தமிழ் மூதாட்டி சொன்ன சொல் மேல்முறையீட்டில் படிக்கப்படும்போது இரண்டு மொழிகளைத் தாண்டியிருக்கும்: தமிழிலிருந்து தீவின் சந்தை இந்தி, அதிலிருந்து ஆங்கிலம். இடையில் நிற்பவர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் இரண்டு மொழியும் 'தெரிந்த' யாரோ ஒருவர். என் பள்ளிப்பருவத்தில் பலமுறை அந்த யாரோ ஒருவராக நானே நின்றிருக்கிறேன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

"இதில் என்ன பெரிய இடர்? நம் மொழிகளில் சமஸ்கிருதச் சொற்கள் பொதுவாக இருக்கின்றனவே, ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிந்துவிடும்" என்பார்கள். பொதுவாக இருப்பதுதான் இடர். முற்றிலும் தெரியாத சொல்லைக் கேட்டால் மனிதர் நிறுத்தி, பொருள் கேட்பார். தெரிந்ததுபோல் ஒலிக்கும் சொல்லை நிறுத்த மாட்டார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு நிலத் தகராறு. எந்த அலுவலகம், என்ன வழக்கு என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் விவாதம் அதைச் சுற்றியே நின்றுவிடும். விசாரணையில் அவர் சொன்னது: "வரி கட்ட லேட்டாயிருச்சுங்க ஐயா, அதுக்குப் போன வருசமே அபராதம் கட்டிட்டேன்." உதவிக்கு நின்றவர் இந்திக்காரர். கடைத்தெருத் தமிழ் நன்றாகவே பேசுவார். நல்ல மனிதர், காசு எதுவும் வாங்கவில்லை. அவர் காதில் விழுந்தது 'அபராத்'. தமிழில் அபராதம் என்றால் தண்டத்தொகை. இந்தியிலும் வங்காளத்திலும் அதே சொல்லுக்குக் குற்றம் என்று பொருள். தாளில் ஏறிய வாக்கியம்: சென்ற ஆண்டே குற்றம் செய்ததை இவர் ஒப்புக்கொள்கிறார். பெரியவர் கைநாட்டு வைத்தார். அந்த ஒரு வரியைத் திருத்த இரண்டு ஆண்டும், ஒரு பசுமாட்டின் விலையும் ஆயின. நான் அன்று வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தேன். உள்ளே அழைத்திருந்தால் திருத்தியிருப்பேன் என்ற எண்ணம் நெடுநாள் உறுத்தியது. மொழியியல் படிக்கத் தொடங்கியபின் இன்னொன்று உறுத்தியது: நான் உள்ளே இருந்திருந்தால் வேறெதைத் தவறாகச் சொல்லியிருப்பேன்?

தவறு நேர இடம் ஒன்றா இரண்டா. 'இந்த நிலம் இருபது வருடமாக என் அனுபவத்தில் இருக்கிறது' என்று தமிழர் சொன்னால், நிலம் அவர் கைவசத்தில், பயன்பாட்டில் இருக்கிறது என்று பொருள். உரிமை வழக்கின் உயிர்நாடியே அந்தச் சொல்தான். இந்திக்காரருக்கு அது பட்டறிவு. வங்காளிக்கு உணர்வு. 'அவகாசம்' தமிழில் கால இடைவெளி. மலையாளி அதே சொல்லை உரிமை என்ற பொருளில் சொல்கிறார். இந்தியில் விடுமுறை, வங்காளத்தில் ஓய்வு. மலையாளி "எனக்கு அவகாசம் உண்டு" என்று பாகப்பிரிவினையில் உரிமை கோரும்போது, பக்கத்தில் நிற்கும் தமிழர் "அவருக்கு நேரம் இருக்கிறதாம்" என்று பெயர்த்துச் சொல்லக்கூடும். 'பிரமாணப் பத்திரம்' நமக்கு ஆணையிட்டு எழுதித் தருவது. இந்தியின் 'பிரமாண் பத்ர' வெறும் சான்றிதழ். 'ஆதாரம் இருக்கிறதா' என்று கேட்டால் இன்றைக்கு எந்த அட்டையை எடுத்து நீட்டுவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பாரசீக, அரபு வழிச் சொற்களும் சளைத்தவை அல்ல. தமிழரின் ஜாமீனும் வங்காளியின் ஜாமினும் ஒன்றே. அது இந்திக்காரர் காதில் ஜமீனாக, அதாவது நிலமாக, விழ வாய்ப்புண்டு. "ஜாமீன் கிடைத்ததா, ஜமீன் கிடைத்ததா" என்பது எங்கள் ஊர்த் தேநீர்க்கடையின் பழைய நகைச்சுவை.

சொற்களாவது பரவாயில்லை; அகராதி வைத்துத் திருத்திவிடலாம். என்னை உண்மையில் அச்சுறுத்துவது இலக்கணம். "அவன் அடித்தான்" என்பதற்கும் "அவன் அடித்தானாம்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தை மூன்று வயதில் அறியும். முன்னது நான் சொல்வது. பின்னது பிறர் சொல்லக் கேட்டது. அந்த ஒரு 'ஆம்' சட்டத்தின் பார்வையில் எவ்வளவு கனமானது என்று பாருங்கள். வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்கவேண்டும், கண்டதைக் கண்டவரே சொல்லவேண்டும் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு; 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் 55ஆம் பிரிவு. செவிவழிச் செய்தியைப் பிரித்தறிய வழக்கறிஞர்கள் மணிக்கணக்கில் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். தமிழ்ச் சாட்சியோ வினைமுற்றின் இறுதியில் அதை நேர்மையாகக் குறித்துவிட்டுத்தான் பேசுகிறார். தெலுங்கில் 'அட', மலையாளத்தில் 'அத்ரே' உண்டு. இந்தி வினையில் அப்படி ஓர் ஒட்டு இல்லை. 'சொல்கிறார்கள்', 'கேள்விப்பட்டேன்' என்று தனியாகச் சேர்க்கவேண்டும். பயிற்சி இல்லாதவர் சேர்ப்பதில்லை. ஆங்கிலத் தாளில் "அவன் அடித்தான்" என்று ஏறுகிறது. கேட்டதைக் கேட்டதாகச் சொன்ன மூதாட்டி கண்ணால் கண்ட சாட்சியாகிவிடுகிறார். குறுக்கு விசாரணையில் "நீ அங்கே இருந்தாயா?" என்று கேட்கப்படுகிறது. "இல்லை" என்கிறார். பொய்ச் சாட்சி என்று பெயர் வாங்கி வீட்டுக்குப் போகிறார். அவர் சொன்ன 'ஆம்' எந்தக் கோப்பிலும் இல்லை.

'நாங்கள்', 'நாம்' என்ற வேறுபாடும் இப்படித்தான் அழிகிறது. "நாங்கள் மரத்தை வெட்டினோம்" என்பது எதிரில் இருப்பவரை விலக்குகிறது. "நாம் வெட்டினோம்" உள்ளடக்குகிறது. யார் கூட்டாளி, யார் இல்லை என்பதே வழக்கு. இந்தியில் இரண்டும் 'ஹம்'. கிழக்கத்தி இந்திப் பேச்சில் 'ஹம்' தன்மை ஒருமைக்கும் வரும். அதாவது 'நான்', 'நாங்கள்', 'நாம்' மூன்றும் ஒரே குடுவைக்குள். அதைத் திறந்து ஆங்கிலத்தில் ஊற்றும்போது எது வெளிவரும் என்பது ஊற்றுபவரின் கையைப் பொறுத்தது.

"அந்தமானில் எல்லோருக்கும் இந்தி தெரியுமே" என்பது நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. தெரியும். மீன் வாங்கவும் பேருந்தில் சண்டை போடவும் போதுமான, அருமையான, உயிருள்ள இந்தி. அதை நான் தாழ்த்தவில்லை. ஐந்தாறு தாய்மொழிக்காரர்கள் கூடி வளர்த்த மொழி அது. ஆனால் அதைப் பின்னாளில் கற்றவர் பலர் இறந்தகால வினைமுதலுக்கு வரவேண்டிய 'நே' உருபை விட்டுவிடுவது இயல்பு. கடையில் அதனால் குடி மூழ்காது. அடிதடி வழக்கில் யார் அடித்தது, யார் அடிபட்டது என்பது அந்த உருபில் தொங்குகிறது. ஒருவருக்கு ஒரு மொழியில் வாழ்க்கை நடத்தத் தெரியும் என்பதால், அம்மொழியில் தன்னைக் காத்துக்கொள்ளவும் தெரியும் என்று கொள்வது எந்த மொழியியல்?

சட்டம் இதை அறியாமல் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 277ஆம் பிரிவு, இன்றைய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 312ஆம் பிரிவு, சாட்சி வேறு மொழியில் பேசினால் இயன்றவரை அம்மொழியிலேயே எழுதிக்கொள்ளலாம் என்கிறது. இயலாதபோது உண்மையான மொழிபெயர்ப்பு ஒன்று உடனுக்குடன் ஆயத்தமாகவேண்டும். எழுதியதைச் சாட்சிக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும் என்கிறது அடுத்த பிரிவு. மொழிபெயர்ப்பவர் உண்மையாகப் பெயர்க்கக் கடமைப்பட்டவர் என்கிறது 317. எல்லாம் சரி. 'உண்மையான மொழிபெயர்ப்பு' என்பதை எதனோடு ஒப்பிட்டு உண்மையென அறிவது? சாட்சி சொன்ன மூலம் காற்றில் கரைந்துவிட்டது. மேல்முறையீட்டு நீதிபதியின் கையில் இருப்பது ஆங்கிலத் தாள் மட்டும். பிழை நேர்ந்தது என்று நிறுவத் தேவையான ஒரே சான்றை, பிழை நேரும் அதே கணத்தில் இழந்துவிடுகிறோம். ஒலி, ஒளிப்பதிவுக்குப் புதிய சட்டமும் இடம் தருகிறது, பழைய சட்டத்திலும் இடமிருந்தது. கைப்பேசியில் கோழிச்சண்டையைப் பதிவுசெய்யும் ஊரில் சாட்சியத்தைப் பதிவுசெய்ய வசதியில்லை என்று எவரும் சொல்லக்கூடாது.

இங்கே மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் பாடநூல்கள் அவரை முதல் தமிழ் நாவலாசிரியர் என்ற ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அவர் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பிறகு தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய சிற்றூர் நீதிமன்றங்களில் முன்சீபாக அமர்ந்தவர். 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் தந்து 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற நூலாக வெளியிட்டார். 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாடுவோரைக் கடிந்துகொள்ளும் பகுதி போகிறபோக்கில் வந்த நகைச்சுவை அன்று. மொழிபெயர்ப்பாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவரின் கோபம் அது. மாயூரத்தின் நீதி வரலாற்றை எழுத நமக்குக் கட்டடம் தேவைப்பட்டதா? ஒரு மனிதர் மொழிபெயர்ப்பை நீதியின் மையமாகக் கண்டு எழுதிவைத்தார், அதுவே போதுமானதாக இருந்தது. ரங்கத்துக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவர் எந்த மொழியில் எழுதியிருப்பார் என்பது வேறு கேள்வி.

தமிழுக்காகப் போராடும் நண்பர்களிடம் ஒரு சொல். சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2010இல் மதுரையில் வழக்கறிஞர்கள் உண்ணாநோன்பு இருந்தார்கள். 2012இல் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. இராஜஸ்தானுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் இந்தி கிடைத்தபோது தமிழுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி முழுக்க நியாயமானது, நானும் கேட்கிறேன். ஆனால் அந்தப் போராட்டத்தின் எந்தத் துண்டறிக்கையிலும், தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ள நீதிமன்றத்தில் நிற்கும் தமிழரைப் பற்றி ஒரு வரியை நான் கண்டதில்லை. நம் கோரிக்கை தமிழ் என்ற மொழிக்கானதா, சென்னை என்ற நகருக்கானதா? மேற்கு வங்கமும் தன் மொழியைக் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் கேட்டது. அதுவும் அதே 2012இல் மறுக்கப்பட்டது. அது நிறைவேறியிருந்தால் ரங்கத்தின் வங்காளிகளுக்குப் பயன் இருந்திருக்கும். தமிழருக்கு? ஒரு மொழிபெயர்ப்பு இன்னொரு மொழிபெயர்ப்பாக மாறியிருக்கும்.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியபோது, சோழர் கடற்படையின் நினைவு மீட்கப்பட்டது என்று நம்மவர்களில் பலர் கொண்டாடினார்கள். 1025இல் இராசேந்திரன் படையெடுத்துச் சென்று தாக்கிய அரசின் பெயர் ஸ்ரீவிஜயம். தோற்றவர் பெயரை வைத்ததற்கு வென்றவர் வழித்தோன்றல்கள் வெடி வெடித்தார்கள். போகட்டும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கப்பலின் மீது இவ்வளவு அக்கறை கொண்டவர்கள், அதே தீவில் இன்று அபராதத்துக்கும் அபராதுக்கும் இடையே சிக்கிக்கொண்ட தமிழர் மீது கொஞ்சம் வைக்கலாம்.

இதைத் தமிழுக்கு மட்டுமான குறையாக எழுதினால் நானும் அதே தவற்றைச் செய்தவனாவேன். எங்கள் ஊர்த் தமிழர்கள் குடுக், முண்டாரி, கடியா பேசுவோர் மூவரையும் 'ராஞ்சிக்காரங்க' என்ற ஒரே சொல்லில் அடைக்கிறோம். குடுக் நம் மொழிக்கு உறவான திராவிட மொழி. மற்ற இரண்டும் முற்றிலும் வேறான ஆஸ்திரோ ஆசியக் குடும்பம். ராஞ்சிக்காரர் ஒருவர் சாட்சி சொல்ல வந்தால் "அவருக்கு இந்தி தெரியும்" என்று முதலில் சொல்பவர் பெரும்பாலும் ஒரு தமிழர்தான். கதம்தலாவுக்கு மேற்கே காட்டில் ஜாரவாக்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அவர்கள் மொழியில் ஒரு சாட்சியம் வந்தால் அதை எவ்வாறு எழுதிக்கொள்வது என்ற கேள்விக்கு நம் துறை என்ன விடை வைத்திருக்கிறது?

கடைசியாக என் துறை. அந்தமானிய மொழிகளின் ஆய்வு அதிகாரிகளின் மேசையில் தொடங்கியது. 1887இல் மொழிக் கையேடு வெளியிட்ட போர்ட்மன் தண்டனைக் குடியேற்றத்தின் நிர்வாகி. அகராதி தொகுத்த மேனும் அப்படியே. அவர்கள் பழங்குடியினரின் சொற்களைத் தொகுத்தார்கள். தம் முன் நின்ற கைதிகள் பேசியதைத் தொகுக்கவில்லை. நாமும் அதே தடத்தில் போகிறோம். 2010இல் போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூதாட்டி மறைந்தபோது உலகமே எழுதியது. அம்மொழிகளை ஆவணப்படுத்தியோரின் உழைப்பு மதிப்பு மிக்கது; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஸ்ட்ரெயிட் தீவுக்குப் போகும் வழியில் ரங்கத்தில் தங்கித் தேநீர் அருந்தும் ஆய்வாளர் எவரும், பக்கத்துப் பெஞ்சில் வாய்தாவுக்காகக் காத்திருப்பவர் உள்ளே போய் எந்த மொழியில் பேசப்போகிறார் என்று கேட்டதில்லை. மொழி அழியும்போது மட்டும்தான் நமக்கு ஆர்வம் பிறக்கிறது போலும். நன்றாக வாழும் ஐந்து மொழிகள் ஒரு மேசை மேல் தினமும் சிதைவது தரவாகத் தெரிவதில்லை.

2019 முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை மென்பொருள் துணையுடன் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்த்து வெளியிடுகிறது. நல்லது. தீர்ப்பு மேலிருந்து கீழே தமிழில் இறங்குகிறது. சாட்சியம் கீழிருந்து மேலே தமிழில் ஏறுவதில்லை. நான் கேட்பது மிகச் சிறியவை. ரங்கத், மாயாபந்தர், டிக்லிப்பூர் வட்டங்களில் விசாரணைகளுக்கு மொழிவாரியாகப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஒன்று. சாட்சியத்தின் மூல ஒலிப்பதிவு கோப்போடு இணைக்கப்படுதல். வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி ஆகியவற்றுக்கு இடையே பொருள் மாறும் சட்டச் சொற்களின் கைப்பட்டியல். இதை ஒரு முதுகலை மாணவர் ஒரு பருவத்தில் முடித்துவிடலாம். நான் இதுவரை எழுபத்துச் சொச்சம் சொற்கள் சேர்த்திருக்கிறேன். தெலுங்கிலும் குடுக்கிலும் எனக்குத் துணை தேவை. சட்டம், மொழியியல் படிக்கும் மாணவர்களுக்கு ஆர்வம் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். வழக்காடியோரின் பெயரோ வழக்கு எண்ணோ வேண்டாம், சொல்லும் அது சொல்லப்பட்ட சூழலும் போதும்.

கருத்தரங்கினர் நேற்று மடல் அனுப்பியிருந்தார்கள். கட்டுரையின் தலைப்பைச் 'செல்லுலார் சிறையும் அதன் மொழிச்சூழலும்' என்று மாற்றிக்கொண்டால் முதல் நாள் அமர்விலேயே இடம் தருவார்களாம். மாற்றவில்லை என்று பதில் எழுதிவிட்டேன். மூன்றாம் நாள், மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வு கிடைத்திருக்கிறது.